குழந்தைக்கு மருந்தூட்டும் உரிமை

பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த இப்னு அந்-நதீம் தொகுத்த ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியலில் சுவையானதொரு செய்தி உண்டு. மருத்துவ மேதை அர்-ராஸீ அவர்களின் இல்லத்துக்குச் சீன தேசத்தவர் ஒருவர் வந்தார். ஏறத்தாழ ஓராண்டு அவ்வூரில் தங்கினார். ஐந்தே மாதங்களில் அரபி மொழியைப் பேசவும் எழுதவும் தேர்ந்தார். ஊர் திரும்பும் நாள் நெருங்கியபோது, ஜாலீனூஸின் பதினாறு நூல்களையும் தமக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றும், தாம் எழுதிக்கொள்வதாகவும் கேட்டார். எஞ்சியிருக்கும் நாட்களில் அது கூடுமோ என்று அர்-ராஸீ ஐயுற்றார். எத்துணை விரைவாகப் படித்தாலும் தாம் பின்தங்குவதில்லை என்று உறுதி கூறினார் வந்தவர். அவ்வாறே எழுதியும் முடித்தார். மாணவர்கள் நம்பாமல் ஒப்பிட்டுப் பார்த்தபோது ஓரிடத்திலும் பிசகு காணப்படவில்லையாம்.

இச்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஏக்கம் உண்டாகும். அச்சீனர் பெற்றுச் சென்றது இன்னதென்று நூல் சொல்கிறது. கொடுத்துச் சென்றது யாதென்று சொல்லவில்லை. பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறிந்து தனி நூல் இயற்றியவர் அர்-ராஸீ. குழந்தைகளின் காய்ச்சலைப் பற்றி அவ்விருவரும் ஒரு மாலைப் பொழுதேனும் அமர்ந்து பேசியிருக்க மாட்டார்களா?

அந்தப் பேச்சு இன்று நம் வீடுகளில் நடக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நம் குடும்பங்களுக்குச் சீன மருந்துக்கடை தெருமுனைக் கடை. குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது; மருத்துவர் பார்த்துவிட்டு, இது வைரஸ் காய்ச்சல், நுண்ணுயிர்க்கொல்லி இதற்குப் பயன்படாது, நீராகாரம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுகிறார். அவர் சொன்னது சரியே. ஆயினும் வெறுங்கையோடு வீடு திரும்பும் தாயின் மனம் ஒப்புவதில்லை. அந்த வெறுங்கையில்தான் அண்டை வீட்டார் ஒரு பொட்டலத்தை வைக்கிறார்கள். “ஆயிரம் ஆண்டு மருந்து, வெறும் இலை தழைதானே!”

இவ்விரு சொற்களையும் எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சீன மருத்துவத்தை இழித்துரைப்பது அன்று. அதன் வரலாற்றை அறிந்தவர் எவரும் அவ்வாறு செய்யத் துணியார்.

சீன மருத்துவர்கள் குழந்தை மருத்துவத்துக்கு ‘ஊமைத் துறை’ என்று பெயரிட்டிருந்தனர். நோயாளி தன் நோவைச் சொல்ல மாட்டாத துறை என்பது பொருள். எவ்வளவு பரிவான பெயர்! பதினொன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த சியென் யி அத்துறைக்குத் தந்தையாகப் போற்றப்படுகிறார். தாயை இழந்து, மதுவில் பற்றுக்கொண்ட தந்தையும் நாடு விட்டுப் போய்விட, அத்தையின் வீட்டில் வளர்ந்து, அத்தையின் கணவரிடம் மருத்துவம் பயின்றவர் அவர். யாருமற்ற குழந்தையின் மௌனம் அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. அவருடைய போதனைகளை 1119-இல் அவர் வழிவந்தவர் ஒருவர் தொகுத்தார். மேனியில் தடிப்புக் காணும் காய்ச்சல்களை வகை பிரித்து அறிவதற்கு அந்நூல் வழி காட்டியது. மழலையின் மணிக்கட்டு நாடி பார்க்கப் போதாத அளவு சிறியது. ஆகவே மூன்று வயது வரையுள்ள குழந்தைக்குச் சுட்டுவிரலின் உட்பக்கத்தைத் தடவி, அங்கே தெரியும் நரம்புக் கோட்டின் நிறத்தையும் நீளத்தையும் அம்மருத்துவர்கள் பார்த்தார்கள். விரலின் மூன்று கணுக்களுக்கும் மூன்று வாயில்கள் என்று பெயர். கோடு கடைசி வாயிலை எட்டிவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று கொண்டார்கள்.

இன்று குழந்தைகளின் சளிக்காய்ச்சலுக்கு மிகுதியாக வழங்கும் ‘யின் சியாவ் சான்’ என்னும் மருந்தின் கதையும் ஒரு குழந்தையின் சாவில்தான் தொடங்குகிறது. வூ ஜுதொங் என்பவர் 1758-இல் பிறந்தவர். பத்தொன்பது வயதில் நோய்ப்பட்ட தந்தையை இழந்து, ஒன்றும் செய்ய மாட்டாமற்போன வெட்கத்தால் மருத்துவ நூல்களை வாங்கிப் படிக்கலானார். நான்கு ஆண்டுகள் கழித்து அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஒருவன் காய்ச்சலும் தொண்டை நோயுமாகப் படுத்தான். ஒரு மருத்துவர் தொண்டையில் பொடி ஊதினார், அடைப்பு அதிகமாயிற்று. பலர் வந்து பலவகைச் சூரணங்களைக் கொடுத்தனர். உடல் மஞ்சளித்துச் சிறுவன் மடிந்தான். கற்கத் தொடங்கியவனாகிய தாம் ஒரு சொல்லும் சொல்லத் துணியாமல் அருகில் இருந்ததை வூ தம் நூலின் முன்னுரையில் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். பிற்காலத்தில் அவர் வகுத்ததுதான் ஹனிசக்கிள் மொக்கும் ஃபோர்சைத்தியாக் காயும் புதினாவும் அதிமதுரமும் இன்னும் சிலவும் சேர்ந்த அந்த மருந்து. நாணல் வேர்க் கஷாயத்தில் இட்டு, மணம் எழுந்தவுடன் இறக்கிவிட வேண்டும்; மிகுதியாகக் கொதித்தால் பயனில்லை என்பது அவர் விதித்த முறை.

இத்தகைய சிரத்தையிலிருந்து பிறந்த மருந்து பழமையானது என்பது போதாதா என்று கேட்கலாம். போதாது என்பதற்கு நம்மிடமே ஓர் உவமை இருக்கிறது. பெரியம்மை ஏன் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் வருகிறது என்ற கேள்விக்கு அர்-ராஸீ சொன்ன விடை: இளம் குழந்தையின் குருதி, புதிதாய்ப் பிழிந்த சாறு பொங்குவதுபோல் பொங்கித் தெளிகிறது, அந்தப் பொங்குதலே நோய். சீனர் சொன்ன விடை: தாயின் கருவிலேயே குழந்தையின் உடலில் தங்கிவிட்ட ‘கருநஞ்சு’ வெளிப்படுகிறது. இரண்டு பெரும் மரபுகள், ஒன்றையொன்று பார்த்து எழுதாமலே, நோயின் வித்து குழந்தையோடு பிறக்கிறது என்ற ஒரே முடிவை அடைந்தன. இரண்டும் தவறு. வித்து வெளியிலிருந்து வருகிறது. நூற்றாண்டுக் கணக்கான பழமையும் மேதைகளின் ஒருமித்த கருத்தும் சேர்ந்தே பிழைபட முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அது ஏட்டுப் பிழையோடு நின்றிருந்தால் கவலையில்லை. கருநஞ்சைப் போக்குவதற்கென்று பிறந்த குழந்தைக்குக் ‘ஹுவாங் லியான்’ என்னும் கசப்பு வேரைப் புகட்டும் வழக்கம் சீனக் குடும்பங்களில் இருந்துவந்தது. ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடுள்ள சிசுக்களுக்கு மஞ்சள் காமாலை கடுமையாகி மூளையைத் தாக்குவது கண்டு அஞ்சி, அவ்வேரிலுள்ள பெர்பெரின் என்னும் பொருளைச் சிங்கப்பூர் அரசு 1978-இல் தடைசெய்தது. பின்னர் வந்த ஆராய்ச்சிகளை எடைபோட்டு 2013 முதல் அத்தடையைத் தளர்த்தியும் இருக்கிறது. தடைசெய்ததையும் தளர்த்தியதையும் ஒருங்கே நான் பாராட்டுவேன். பாட்டிமார் பல தலைமுறையாக அன்போடு புகட்டியது நன்மையா தீமையா என்பதைப் பாட்டிமாரின் அன்பு சொல்லவில்லை. கணக்கெடுத்த பின்னரே ஓரளவு தெரிந்தது.

இங்கே நம் மார்க்கச் சட்டம் நமக்குக் கைகொடுக்கிறது. சிறுவனின் பொருளைக் காக்கும் பொறுப்பாளியாகிய வலீ எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று ஃபிக்ஹு நூல்கள் நுணுக்கமாக ஆராய்கின்றன. ஹனஃபீ சட்ட அறிஞர்கள் சிறுவன் தொடர்பான செயல்களை மூன்றாகப் பிரித்தார்கள். முழுதும் நன்மையாக இருப்பது: அவனுக்கு வரும் அன்பளிப்பு போல்வது, அதைச் சிறுவன் தானே ஏற்கலாம். முழுதும் இழப்பாக இருப்பது: அவன் பொருளைப் பிறருக்குத் தானமாக்குவது, வலீயே ஒப்பினாலும் அது செல்லாது. நன்மைக்கும் இழப்புக்கும் இடையே ஆடுவது: வாணிபம் போல்வது; அங்கே வலீயின் அனுமதியும், அவன் நன்மையை நாடும் சிந்தனையும் வேண்டும். அநாதையின் பொற்காசுக்கு இத்தனை காவல் என்றால், குழந்தையின் ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் எத்தனை காவல் வேண்டும்!

“இலை தழைதானே” என்று சொல்பவர் செய்யும் பிழை மருத்துவப் பிழை மட்டுமன்று; வகைப்படுத்தும் பிழை. மூன்றாம் வகையிலுள்ள ஒன்றை முதல் வகையில் சேர்த்துவிடுகிறார். குணம் செய்யும் ஆற்றல் உள்ள எந்தப் பொருளுக்கும் கெடுதல் செய்யும் ஆற்றலும் உண்டு. இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் சீனர் கொடுக்கும் ‘மா சிங் ஷி கான்’ என்னும் கஷாயத்தில் நான்கே சரக்குகள்: எபிட்ராத் தண்டு, ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பு, ஜிப்சம், அதிமதுரம். எபிட்ராவிலுள்ள எபிட்ரின் மூச்சுக்குழாயை விரிக்கும் என்பது 1920-களில் பீக்கிங்கில் நடந்த ஆராய்ச்சியால் உலகுக்குத் தெரிந்தது. மேலை மருத்துவமும் அதை ஏற்றுக்கொண்டது. அதே எபிட்ரின் இதயத்தை விரைந்து துடிக்கச் செய்யும். இரத்த அழுத்தத்தை உயர்த்தும். கசப்புப் பருப்போ அளவு மீறினால் வயிற்றில் சயனைடை விடுவிக்கும். இவற்றை இலை தழை என்று ஒதுக்கினால் அவற்றின் பலனையும் ஒதுக்க வேண்டும். பலன் மட்டும் உண்டு, பக்கவிளைவு இல்லை என்று சொல்வது மருந்தைப் பற்றிய பேச்சன்று.

இது நமக்கும் அயலான செய்தி அன்று. சீனர் ‘சுவான் சின் லியான்’ என்று அழைக்கும் செடி நம் நிலவேம்பேயாகும். டெங்குக் காய்ச்சல் பரவிய ஆண்டுகளில் தமிழ்நாட்டு அரசு நிலவேம்புக் குடிநீரை ஊரெங்கும் வழங்கியது பலருக்கு நினைவிருக்கும். சீனாவில் அச்செடியின் சாரத்தை மாற்றியமைத்து, நரம்பில் ஏற்றும் ஊசி மருந்தாகவும் செய்தார்கள். குழந்தைகளின் காய்ச்சலுக்கும் அது பயன்பட்டுவந்தது. 2017 செப்டம்பரில் அவ்வூசி மருந்தின் சில தொகுதிகளால் நோயாளிகளுக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் கண்டதால், அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றைத் திரும்பப் பெற ஆணையிட்டது. வாய்வழியே சென்ற செடி ஒன்று. குருதியில் நேரே கலந்த சாரம் மற்றொன்று. முன்னதன் பழமையைக் காட்டிப் பின்னதற்கு நற்சான்று வாங்க முடியாது.

நம்மவர்கள் சீன மருந்தைக் கண்டால் முதலில் கேட்கும் கேள்வி வேறு: இது ஹலாலா? கேட்க வேண்டிய கேள்விதான். குழந்தைக் காய்ச்சலுக்கான சில கூட்டுகளில் சில்வண்டு கழற்றிய தோலும் மானின் கொம்பும் மாட்டின் பித்தக்கல்லும் சேர்வதுண்டு. ஆலிம்களிடம் விளக்கம் பெறட்டும். ஆனால் அக்கேள்விக்கு விடை கிடைத்ததும் நெஞ்சம் நிறைந்து, கேள்வி கேட்பதையே நிறுத்திவிடுகிறோம். உண்ணத் தகுந்ததா என்பது வேறு, இந்த வயதுக்கும் இந்த அளவுக்கும் தகுந்ததா என்பது வேறு.

சரி, அந்தச் சீனக் கஷாயங்கள் குணப்படுத்துகின்றனவா, இல்லையா? இங்கேதான் உண்மையான சங்கடம். வைரஸ் காய்ச்சல்களில் பெரும்பாலானவை தாமே இறங்குபவை. ஐந்தாம் நாள் இறங்கவிருக்கும் காய்ச்சலுக்கு நான்காம் நாள் கஷாயம் கொடுத்தால், புகழ் முழுவதும் கஷாயத்துக்குப் போய்ச் சேரும். இந்த மயக்கத்தைப் போக்க ஒரே வழி, ஒத்த நிலையிலுள்ள இரு கூட்டத்தாரை ஒப்பிடுவது. அவ்வழியைக் கையாண்டவர்களில் மிக முற்பட்டவர் நம் அர்-ராஸீயே. மூளைக் காய்ச்சலின் முன்னறிகுறி கண்ட நோயாளிகளில் ஒரு கூட்டத்தாருக்குக் குருதி வடித்தார். மற்றொரு கூட்டத்தாரை, உண்மை அறியும் பொருட்டு, வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டார். தம் ‘அல்-ஹாவீ’ தொகுப்பில் இதை எழுதியும் வைத்தார். குருதி வடித்தல் மூளைக் காய்ச்சலைத் தடுக்கும் என்று இன்று யாரும் கொள்வதில்லை. முடிவு பிழைத்தது, வழி பிழைக்கவில்லை. ஆயினும் விடப்பட்ட அந்தக் கூட்டத்தை எண்ணும்போது மனம் கலங்கத்தான் செய்கிறது. அவர்கள் ஒப்பினார்களா? கேட்கப்பட்டார்களா?

அந்தக் கலக்கத்தால்தான் குழந்தைகளைச் சோதனைகளிலிருந்து விலக்கி வைக்கிறோம். 2011-இல் வெளியான ஆய்வொன்று பரவலாக எடுத்துக்காட்டப்படுகிறது. மேற்சொன்ன இரண்டு சீன மருந்துகளையும் இணைத்து, எச்1என்1 காய்ச்சல் கண்ட 410 பேரிடம் நடத்தப்பட்டது. காய்ச்சல் தணியும் நேரம், மருந்து பெறாதவர்களைவிடப் பெற்றவர்களுக்குக் குறைந்தது. ஓசெல்டமிவிர் என்னும் மேலை மருந்துக்கு ஏறத்தாழ நிகராகவும் இருந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் எவருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது மறைக்கப்படவில்லை. போலி மருந்தும் வைத்து ஒப்பிடவில்லை. இவற்றையும் மன்னிக்கலாம். பங்கேற்றவர்களின் வயதைப் பாருங்கள்: 15 முதல் 59 வரை. கைக்குழந்தைக்குக் கொடுப்பவர் காட்டும் சான்றில் கைக்குழந்தையே இல்லை! தட்டம்மைக்குச் சீன மூலிகைகள் பயன்படுமா என்று காக்ரேன் அமைப்பினர் 2006-இல் முதன்முதலாக வெளியிட்டு, பின்னர் புதுப்பித்த தொகுப்பாய்வில், ஏற்கத்தக்க சோதனை ஒன்றுகூட அவர்களுக்கு அகப்படவில்லை. பயனில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. பயனுண்டு என்று சொல்லவும் வழியில்லை என்றார்கள்.

இரக்கத்தால் குழந்தையைச் சோதனையிலிருந்து விலக்கினோம். ஆனால் மருந்திலிருந்து விலக்கினோமா? இல்லை. அடுக்களையில் ஒவ்வோர் இரவும் சோதனை நடக்கிறது. எழுதி வைப்பார்தான் இல்லை. ஒரு வீட்டில் குழந்தைக்குக் குணமானால் தெருவெல்லாம் தெரியும். இன்னொரு வீட்டில் குழந்தைக்கு வாந்தி மிகுந்தால் அது காய்ச்சலின் குணம் என்று சொல்லிவிடுகிறோம். இப்படி ஆயிரம் ஆண்டு கொடுத்தாலும் அறிவு ஒரு படி வளராது. கற்பிக்கும் சோதனையைக் கொடுமை என்று விலக்கி, ஒன்றும் கற்பிக்காத சோதனையை அன்பு என்று ஏற்கிறோம்!

பிறர் குழந்தைகளின் நன்மைக்காக என் குழந்தையை ஏன் ஈடு வைக்க வேண்டும், அது வலீ செய்யும் தானமாகாதா என்று ஒருவர் கேட்கக்கூடும். வலுவான கேள்வி. நிரூபிக்கப்பட்ட மருந்து இருக்க, அதை மறுத்துவிட்டு ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒருபோதும் ஆகாது. அது முழு இழப்பு வகை. ஆனால் இரண்டில் எது நல்லதென்று எவருக்கும் தெரியாத நிலையில், மருத்துவர் மேற்பார்வையில், தீங்கு கண்டவுடன் நிறுத்தும் ஏற்பாட்டோடு கொடுத்து எழுதிவைப்பதில் குழந்தை இழப்பது ஒன்றுமில்லை என்றே எனக்குப் படுகிறது. பெற்றோரின் விருப்பம் போல் எழுதாமல் கொடுப்பதைவிட அது அக்குழந்தைக்கே பாதுகாப்பானது.

சீன தேசமே இதற்கு ஒரு பெரும் எடுத்துக்காட்டு. உலர்ந்த அம்மைப் பொருக்கைப் பொடித்துக் குழந்தையின் மூக்கில் ஊதி, மென்மையான நோயை வருவித்துக் கொடிய நோயைத் தடுக்கும் முறையை அவர்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே கைக்கொண்டிருந்தனர். 1661-இல் பேரரசர் ஷுன்ஜி பெரியம்மையால் மாண்டார். அந்நோய் கண்டு முன்பே பிழைத்த சிறுவன் என்பதும், அவர் மகன் காங்ஷி அரியணைக்குத் தேர்ந்தெடுக்கப்பட ஒரு காரணமாயிற்று. காங்ஷி வளர்ந்து, தம் மக்களுக்கு அம்முறையைச் செய்வித்தார். இஸ்தான்பூலில், உஸ்மானியர் நாட்டில், தோலைக் கீறிச் செய்யும் இன்னொரு முறை வழங்கியது. ஆங்கிலத் தூதரின் மனைவி ஒருவர் 1718-இல் தம் மகனுக்கு அதைச் செய்துகொண்டு, அச்செய்தியை இங்கிலாந்துக்கு எடுத்துச் சென்றார். நலமாக விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு வேண்டுமென்றே நோயைக் கொடுக்கும் தகப்பனின் நெஞ்சை எண்ணிப் பாருங்கள். அவ்வாறு செய்த நூறு பிள்ளைகளில் ஒருவர் இருவர் இறந்ததும் உண்டு. தானாக வந்த பெரியம்மையோ நூற்றுக்கு இருபது முப்பது பேரைக் கொண்டுசென்றது. இந்த இரண்டு எண்களையும் எண்ணி எழுதி ஒப்பிட்டவர்கள் இருந்ததால்தான் அம்முறை ஐரோப்பாவில் வேரூன்றி, ஜென்னரின் தடுப்பூசிக்கு வழி திறந்து, 1980-இல் பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கும் நாளும் வந்தது. கீழ்த்திசையின் அறிவு அங்கே வென்றது. பழமையால் அன்று, எண்ணிக்கையால்.

இறைவன் நோயோடு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நம் நம்பிக்கை. அம்மருந்தை அறிந்தவர் அறிவர், அறியாதவர் அறியார் என்ற கருத்தும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையில் அதனோடு சேர்ந்தே வருகிறது. மருத்துவம் அறியப்படாதவராக இருந்து மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற தீர்ப்பும் உண்டு. முதல் செய்தியை மட்டும் நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். பொட்டலத்தை நீட்டும் அண்டை வீட்டாரும், அதைக் காய்ச்சிப் புகட்டும் நாமும் இரண்டாம் மூன்றாம் செய்திகளின் எல்லைக்குள் நிற்கிறோம் என்பது நினைவுக்கு வருவதில்லை. காய்ச்சிய கஷாயத்தைப் பற்றி மருத்துவரிடம் மறைக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஏசுவாரோ என்ற கூச்சம். கூச்சம் நம்முடையது, அதன் விலையைக் கொடுப்பது வாய் பேசாத குழந்தை.

வூ ஜுதொங் தலைநகருக்குச் சென்று, பேரரசின் நூல் தொகுப்புப் பணியில் படியெடுப்பவராக இருந்து, முன்னோர் நூல்களை ஆண்டுக் கணக்கில் படித்தார். 1793-இல் அங்கே கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது நண்பர்கள் வற்புறுத்தியதால் மருத்துவம் செய்யப் புகுந்து, பிறர் கைவிட்டவர்களில் சில பத்துப் பேரைப் பிழைக்கச் செய்தார். அதன்பின் தம் முறைகளை நூலாக்க எண்ணினார். ஆனால் எளிதில் தூரிகை எடுக்கத் துணிவு வரவில்லை என்று அவரே எழுதுகிறார். தம் பிழை பிறர் உயிருக்குத் தீங்காகுமோ என்ற அச்சம் அவரைத் தடுத்தது. கொள்ளை நோய் மீண்டும் வரக்கூடும், காலம் தாழ்த்தாதீர் என்று ஊர்க்காரர் ஒருவர் வந்து நெருக்கிய பிறகே, 1798-இல், அதை எழுதி முடித்தார். அச்சாகி வெளிவர மேலும் பல ஆண்டுகள் ஆயின.